பெஞ்சு கம்பவுண்டரும் மூன்று ‘தெரியாது’களும்

திருநெல்வேலி ஜில்லாவிலேயே கொடுமையான மனிதர் யார் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் ஒரு கம்பவுண்டரைத்தான் சொல்வேன். கொலைகாரர்களும் கொள்ளைக்காரர்களும் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியவர்கள்தான். அவர்களாவது ஏதோ ஒரு தடவை செய்துவிட்டு ஜெயிலுக்குப் போனார்கள். இவர் மூன்று மாதம், ஒரு நாள் தவறாமல், பகல் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து என் மானத்தை வாங்கினார். யாரும் அவரைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. ஊரே கையெடுத்துக் கும்பிட்டது.

சங்கரன்கோவிலில் அவருக்குப் ‘பெஞ்சு கம்பவுண்டர்’ என்று பெயர்.

இத்தனை வருஷம் கழித்து இப்போது எதற்கு அந்த வயிற்றெரிச்சல் என்று கேட்பீர்கள். போன மாதம் டாக்டர்கள் கூட்டம் ஒன்றுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஓர் இளம் பேராசிரியர் மேடை ஏறி, மருத்துவ மாணவர்கள் தினமும் தாங்கள் செய்ததைத் திரும்பிப் பார்க்க வேண்டும், எங்கே சறுக்கினோம், நோயாளி மனசில் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்து நோட்டில் எழுத வேண்டும், அப்போதுதான் டாக்டராகவும் வளரலாம், மனுஷனாகவும் வளரலாம் என்று பேசினார். சீமையில் புதிதாகக் கண்டுபிடித்த முறையாம். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதிதாமே! நோட்டாமே! எங்களுக்கு நோட்டா கொடுத்தார்கள்? பெஞ்சு கொடுத்தார்கள் ஐயா. அதிலும் ஒரு கால் குட்டையான பெஞ்சு.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு, மூன்று மாதம் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் கைப்பழக்கம் செய்து சர்டிபிகேட் வாங்கி வர வேண்டும் என்று எங்களை அனுப்பினார்கள். நான் கும்பகோணத்துக்காரன். சங்கரன்கோவில் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. கூட வந்தவன் எங்கள் வகுப்பில் மெடல் வாங்கியவன். அதை அவனே ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வதால் அவன் பெயரே ‘மெடல்’ ஆகிவிட்டது. இரண்டு பேரும் ஆளுக்கொரு புது ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த மாதிரி அந்தத் தரும ஆஸ்பத்திரியில் போய் இறங்கினோம். அந்த ஆஸ்பத்திரியை அப்புறம் மூடிவிட்டார்கள்.

பெரிய டாக்டர் நல்ல மனிதர், கெட்டிக்காரர். ஆனால் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்துவிட்டால் உலகம் இடிந்து விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். முதல் நாளே எங்களிடம் சொல்லிவிட்டார்.

“மூணு மாசம் முடிஞ்சதும் சர்டிபிகேட்ல கையெழுத்துப் போடுதேன். ஆனா கம்பவுண்டரு தலையாட்டணும். அவரு தலையாட்டாம நான் யாருக்கும் போட்டதில்ல.”

எனக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. நாலு வருஷம் பிணத்தோடு குடித்தனம் நடத்திப் படித்தவன் நான். எனக்குத் தலையாட்டப் போகிறவர் மருந்து கலக்குகிற ஒருவர்! சரி, வயசானவராகவாவது இருப்பார், மரியாதைக்குப் பொறுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், அதுவும் இல்லை. என்னைவிட நாலைந்து வயசுதான் மூத்தவர். ஒல்லிக்குச்சி உடம்பு, முன்பல் ஒன்று இல்லை. அவர் சட்டையைப் பார்த்தாலே ஊரில் என்ன சீக்கு என்று சொல்லிவிடலாம். சிவப்பாகக் கறை இருந்தால் இருமல், மஞ்சளாக இருந்தால் புண், ஊதாவாக இருந்தால் குழந்தைகளுக்கு வாய்ப்புண். மூன்றும் சேர்ந்திருந்தால் கோயிலில் திருவிழா.

அவருக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. எந்த மருந்தைக் கலக்கினாலும் தாம் ஒரு மடக்குக் குடித்துப் பார்க்காமல் கொடுக்க மாட்டார். “நம்ம வாயில வைக்க முடியாதத அடுத்தவன் வாயில எப்படிவே ஊத்துதது?” என்பார். குளிர்காய்ச்சல் காலத்தில் கொய்னா மருந்தைக் குடித்துக் குடித்துக் காதில் வண்டு ரீங்காரம் போட, கார்த்திகை மாதம் முழுக்க எல்லோரிடமும் கத்தித்தான் பேசுவாராம். ஆஸ்பத்திரியை நடத்துகிற பெரிய மனிதர் ஒருவர் மேற்பார்வைக்கு வந்த அன்று பார்த்து, புது விளக்கெண்ணெய் டின் வந்து இறங்கியது. பெரிய மனிதர் மாலையும் கழுத்துமாக நிற்கிறார், கம்பவுண்டரைக் காணோம். ஆஸ்பத்திரியே தேடுகிறது. கடைசியில் கொல்லைப்புறத்துத் தகரக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“சரக்கு நல்ல சரக்குதான் வே! தைரியமா எறக்கச் சொல்லும்!”

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே மன்னித்துவிடுவேன். பெஞ்சைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பெஞ்சு என்றால், நோயாளிகள் உட்கார்ந்து காத்திருக்கிற பெஞ்சு. ஒரு கால் குட்டை. உட்கார்ந்தவுடன் இடது பக்கம் சாய்ந்து லேசாகத் தலை சுற்றும். நோய் இல்லாதவனுக்குக்கூட ஏதோ செய்கிற மாதிரி இருக்கும். மூன்று மணிக்கு நோயாளிகள் எல்லோரும் போனபிறகு, கம்பவுண்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து டாக்டர் நாற்காலியில் ஜம்மென்று உட்காருவார். நம் ஸ்டெதாஸ்கோப்பை வாங்கித் தம் கழுத்தில் போட்டுக்கொள்வார். நாம் பெஞ்சில் உட்கார வேண்டும். அன்று காலையில் நாம் பார்த்த நோயாளிகளில் ஒருவரை அவர் சொல்வார். அந்த நிமிஷத்திலிருந்து நாம் அந்த நோயாளி, அவர் நாம்! நம்மை அப்படியே நடித்துக் காட்டுவார். நம் கனைப்பு, நம் அவசரம், நாம் பேனாவை ஆட்டுகிற ஆட்டம், ஒன்று விடாது.

கேள்வி எப்போதும் மூன்றில் ஆரம்பிக்கும். பேர் என்ன? ஊர் எது? என்ன செய்யுது? அப்புறம்தான் மற்றதெல்லாம். பதில் தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்று சொல்லலாம், பாதகமில்லை. ஆனால் மூன்று ‘தெரியாது’ சேர்ந்துவிட்டால் மறுநாள் காலை டாக்டர் வேலை கிடையாது. கையில் காலி பாட்டிலோடு நோயாளிகளுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து, நம் முறை வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

முதல் நாள் எனக்கு வாய்த்தது புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவர். கையில் முள் குத்திப் பழுத்திருந்தது.

“பேரு என்னவே?” என்றார் கம்பவுண்டர், என் ஸ்டெதாஸ்கோப்பைத் தடவிக்கொண்டே.

“நான் டாக்டர்—”

“டாக்டரு இங்கன உக்காந்திருக்காரு. நீரு சீக்காளி. பேரு?”

“தெரியாது.”

“ஒண்ணு. ஊரு?”

“புளியங்குடி.”

“என்ன செய்யுது?”

“கையில் முள்ளு.”

“டாக்டரு என்ன சொன்னாரு?”

“பதினஞ்சு நாள் கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார்.”

“நல்லது. இப்பம் எலுமிச்சங்கா பறிக்குத சமயம். பதினஞ்சு நாளைக்கு உம்ம கைய வீட்ல வச்சிட்டு யாரு கையால பறிப்பீரு?”

“தெரியாது.”

“ரெண்டு. டாக்டரு உம்ம மொகத்தப் பாத்தாரா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் குனிந்து, ஒரு காகிதத்தில் சரசரவென்று எழுதி, நிமிராமலே கையை நீட்டி, “நெக்ஸ்ட்!” என்றார். அச்சு அசல் நான். கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்த ஆயாகூடச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் மெடலின் முறை. கடையநல்லூரிலிருந்து வந்த ஒரு நெசவுக்காரருக்கு முழங்கால் வலி. காலைத் தொங்கப் போட்டுத் தறிக்குழியில் உட்காரவே கூடாது என்று மெடல் புத்தகத்தில் உள்ளபடி அழகாகச் சொல்லி அனுப்பியிருந்தான்.

“குழியில உக்காராம எப்படி நெய்யதாம்? முகட்டுல தொங்கியா?” என்றார் கம்பவுண்டர்.

“தெரியாது.”

அதற்கு முன்பே பேருக்கும் ஊருக்கும் இரண்டு தெரியாது ஆகியிருந்தது. ஆக, மறுநாள் காலையில் தங்க மெடல் வாங்கியவன் பாட்டிலும் கையுமாகப் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்திலிருந்த அம்மாள், “ஒனக்கு என்ன மக்கா செய்யுது?” என்று கேட்டு, பாவப்பட்டு வெற்றிலை கொடுத்தாளாம். அதை மென்றுகொண்டே ஊர்ப்பேச்சு முழுவதையும் கேட்டுவிட்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

“உன்னைப் பத்திதான்டா பேச்சு. ‘அந்தக் கண்ணாடி போட்ட டாக்டர்ட்டப் போயிராதிய, கடிச்சிருவாரு’ன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறாங்க.”

நான் கடிக்கிறேனாம்! காலை எட்டு மணியிலிருந்து நின்ற காலோடு வைத்தியம் பார்க்கிறவனுக்கு நல்ல பட்டம். நன்றி கெட்ட ஜனங்கள் என்று அன்று முழுக்கப் பொருமினேன்.

எதற்காக இந்த வழக்கத்தை வைத்திருக்கிறீர் என்று அவரை நேராகவே கேட்டுப் பார்த்தோம். மெடலிடம், “பெஞ்சுக்கு ஆள் கனம் தாங்குதான்னு பாக்கணும்லா” என்றார். என்னிடம், “மூணு மணிக்கு எனக்கு வேற சோலி கெடயாது” என்றார். பெரிய டாக்டரிடம், “உங்க நாக்காலில உக்காரணும்னு ஒரு ஆசை” என்றாராம். மூன்று பேருக்கு மூன்று பதில். சர்க்கார் உத்தியோகஸ்தர்கூட இத்தனை சாமர்த்தியமாகப் பதில் சொல்ல மாட்டார்.

இப்படியே இரண்டு மாதம் ஓடி ஆடி பிறந்தது. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம். கோமதி அம்மனைப் பார்க்க வந்த ஜனங்கள் அப்படியே ஆஸ்பத்திரியையும் எட்டிப் பார்ப்பார்கள். ஒரே தள்ளுமுள்ளு. அந்தக் கூட்டத்தில்தான் நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தாள். ஆடு மேய்க்கிறவள். கருவேல முள் ஏறி வலது கால் வீங்கிக் கிடந்தது. அவள் அந்தப் புண்ணின்மேல் கோயில் புற்றுமண்ணைக் குழைத்து, அடை மாதிரி அப்பியிருந்தாள். விஷக்கடிக்கும் சொறி சிரங்குக்கும் அந்த மண்ணை அம்மன் மருந்து என்று பூசுவது அந்தப் பக்கத்து வழக்கம்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! திறந்த புண்ணில் மண்! புத்தகத்தில் படித்த டெட்டனஸ் என்கிற தனுர்வாதமெல்லாம் கண்முன் வந்தது. “அறிவிருக்கா உனக்கு? நீ மேய்க்கிற ஆட்டுக்கு இருக்கிற புத்திகூட உனக்குக் கிடையாதா? புண்ணுல மண்ணை அப்பிக்கிட்டு இங்கே எதுக்கு வந்தே?” என்று நூறு பேர் நடுவில் கத்தினேன். கிணற்றடிக்கு நடத்திக்கொண்டுபோய், அத்தனை மண்ணையும் சாக்கடையில் கழுவி ஊற்றினேன். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சாக்கடையில் ஓடுகிற மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். மருந்து வைத்துக் கட்டி, ஊசி போட்டு, “தினமும் வந்து கட்டு மாத்திக்கணும், இல்லேன்னா கால் போயிடும்” என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்குக் கம்பவுண்டர் நாற்காலியில் உட்கார்ந்து, “காலையில வந்த அந்த ஆட்டுக்காரப் பொம்பள” என்றார்.

“முடியாது” என்றேன்.

“ஏன்வே?”

“அவள் செய்தது முட்டாள்தனம். நான் செய்ததுதான் சரி. மண்ணை வைத்துக்கொண்டிருந்தால் செத்திருப்பாள்.”

“மண்ணக் கழுவுனது சரி. அதுல நான் ஒண்ணும் சொல்லலயே.”

“அப்புறம் என்ன? உமக்கு இதிலே என்ன வேலை? மருந்து கலக்குகிறவர் கலக்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.”

சொல்லிவிட்டேன். மெடல் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். கம்பவுண்டர் எழுந்து வந்து, ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி, இரண்டு கையாலும் என் கழுத்தில் போட்டு, “சரிங்க டாக்டரய்யா” என்றார்.

அன்றிலிருந்து அவர் என்னைப் பெஞ்சுக்குக் கூப்பிடவில்லை. உரிமையோடு கூப்பிடுகிற ‘வே’ போய்விட்டது. எங்கே பார்த்தாலும் ‘டாக்டரய்யா’தான். எழுந்து நிற்கிறார், வழிவிடுகிறார். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, “ஒமக்குக் கம்பவுண்டரு தலையாட்டிட்டாரு, இன்னும் ஒரு மாசம் கழிச்சு வந்து சர்டிபிகேட்ட வாங்கிக்கிடும்” என்றார். நான் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் ஐயா, ஒரு மனிதனை மரியாதையாலேயே இப்படிக் கொல்ல முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பெண்ணும் வரவில்லை. முதல் நாள், நாளைக்கு வருவாள் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் திருவிழாக் கூட்டத்தில் வண்டி கிடைத்திருக்காது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வரிசையில் எவள் காலில் கட்டு தெரிந்தாலும் எட்டி எட்டிப் பார்த்தேன். அந்தக் கால் நாலு நாள் கட்டு மாற்றாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் அதற்கு நான் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

நாலாம் நாள் மூன்று மணிக்கு நானே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பெஞ்சு இடது பக்கம் சாய்ந்தது. ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி நீட்டினேன். மருந்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கிக்கொண்டார்.

“பேரு என்ன தாயி?”

“தெரியாது.” சீட்டில் எழுதியிருந்திருக்கும். நான் படிக்கவில்லை.

“ஊரு?”

“தெரியாது.”

மூன்றாவது கேள்வியை அவர் கேட்கவில்லை. திடீரென்று எழுந்து நின்றார். கண்ணாடியை மூக்கில் ஏற்றுகிற மாதிரி விரலால் தள்ளிக்கொண்டார். என் குரலில், என் கும்பகோணத்துப் பேச்சில், வராந்தா அதிரக் கத்தினார்.

“அறிவிருக்கா உனக்கு? நீ மேய்க்கிற ஆட்டுக்கு இருக்கிற புத்திகூட உனக்குக் கிடையாதா?”

என்னையறியாமல் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. அந்த வார்த்தைகள் என்னுடையவைதான், நான்தான் பேசினேன். ஆனால் உட்கார்ந்து கேட்டால் அவை வேறு விதமாக இருந்தன.

அவர் உட்கார்ந்தார். குரலைத் தணித்துக் கேட்டார்.

“இப்பம் சொல்லு தாயி. நாளைக்கு வருவியா?”

“வரமாட்டேன்” என்றேன்.

“அப்பம் கெளம்பும்வே. அவ பேரு மாடத்தி. ஊரு இளையரசனேந்தல் போற பாதையில எட்டு மைலு. சீட்டுல எழுதினவன் நாந்தான்லா.”

‘வே’ திரும்பி வந்துவிட்டது. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியில் சொன்னால் வெட்கம்.

ஆஸ்பத்திரி சைக்கிள் ஒன்றுதான். நான் மிதித்தேன், அவர் கட்டுப் போடுகிற சாமான் டின்னை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தார். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அது மேற்கிலிருந்து அடித்துக் கிழக்கே போகிற எங்களைத் தள்ளிக்கொண்டே போனது. “ஒமக்கு அம்மனே சைக்கிள் மிதிக்குதா, பாரும்வே” என்று பின்னாலிருந்து கேலி வேறு. புழுதியைத் தின்றுகொண்டே போய்ச் சேர்ந்தோம்.

மாடத்தி குடிசை வாசலில் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு மறுபடியும் மண்ணை அப்பியிருந்தாள். சுண்டுவிரல் கருத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“என்னய்யா, வையிறதுக்கு இம்புட்டுத் தூரமா வந்திய?”

நான் திரும்பிக் கம்பவுண்டரைப் பார்த்தேன். அவர் வேப்ப மரத்தடியில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“வந்து நாலு வார்த்தை சொல்லுங்களேன்” என்றேன்.

“நான் கம்பவுண்டர்லா? கலக்குததோட நிறுத்திக்கிடணும்” என்றார்.

படுபாவி! எட்டு மைல் இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் டின்னோடு சேர்த்து மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

வேறு வழியில்லை. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். “உங்க பேரு மாடத்திதானே?” என்றேன்.

“ஆமா. அன்னைக்குச் சொல்லத்தான் செஞ்சேன்.”

“அன்னைக்கு நான் கேக்கலை. தப்புதான். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அம்மன் மண்ணுல நம்பிக்கை இருக்குன்னா, ஆஸ்பத்திரிக்கு எதுக்கு வந்தீங்க?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இவன் மறுபடியும் கடிப்பானோ என்று யோசித்தாள்போல. பிறகு சொன்னாள்.

“நானாவா வந்தேன்? ஆத்தாகிட்டப் பூப் போட்டுக் கேட்டேன். வெள்ளப் பூ வந்தா மண்ணப் பூசிக்கிட்டு வீட்ல கெடக்கேன், செவப்புப் பூ வந்தா டாக்டர்ட்டப் போறேன்னு. செவப்புத்தான் வந்துச்சு. அவதான் ஒங்ககிட்டப் போகச் சொன்னா. தொணைக்கு அவ மண்ணையும் வச்சிக்கிட்டு வந்தேன். அவ அனுப்புன எடத்துலயே அவ மண்ணச் சாக்கடையில ஊத்தினா, நான் பொறவு யாருட்டப் போயிச் சொல்ல?”

ஆஸ்பத்திரிக்குப் போ என்று அம்மன் சொல்லி அனுப்பியவளைத்தான், எதற்கு வந்தாய் என்று கேட்டு விரட்டியிருக்கிறேன். நாட்டில் இருக்கிற டாக்டர்களிலேயே சிபாரிசு இத்தனை பெரிய இடத்திலிருந்து வந்தும் கெடுத்துக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

“புண்ணுல மட்டும் மண்ணு வேண்டாம்மா. அது ஆகாது, கால் போயிடும். மண்ணை நெத்தியில வச்சுக்கோங்க. புண்ணுல நான் மருந்து வைக்கிறேன்” என்றேன்.

“நெத்தியில வச்சா காலுக்கு எப்படிய்யா போயிச் சேரும்?”

“உங்களை எட்டு மைல் தாண்டி எங்கிட்டே அனுப்பத் தெரிஞ்சவளுக்கு, நெத்தியிலேருந்து காலுக்கு வழி தெரியாதா?”

மாடத்தி தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். மரத்தடியிலிருந்தும் ஒரு செருமல் கேட்டது. அவள் காலை என் பக்கம் நீட்டினாள். நீட்டிவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டாள்.

“அப்பம் நீங்களும் வச்சுக்கிடுங்க. அன்னைக்கு ஊத்துனதுக்கு.”

நெற்றியில் புற்றுமண்ணோடு, எதிர்க்காற்றில் எட்டு மைல் மிதித்துச் சங்கரன்கோவில் வந்து சேர்ந்தேன். மெடல் என்னைப் பார்த்துவிட்டு, கும்பகோணத்துக்குத் தந்தி கொடுக்கட்டுமா என்று கேட்டான்.

மாடத்தி அதற்குப்பிறகு ஒரு நாள் விடாமல் வண்டியில் வந்தாள். கால் பிழைத்தது. சுண்டுவிரல் பிழைக்கவில்லை, எடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு விரல் என் வாயால் போனது. இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

கிளம்புகிற நாள் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு கம்பவுண்டரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று நின்றேன். அவர் ஒரு மிக்ஸ்சரை வாயில் விட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். “போயிட்டு வாரும்வே. அங்கன போயி ஆளக் கடிச்சு வச்சிராதீரும்” என்றார். அவ்வளவுதான். மூன்று மாதம் என்னை அரைத்துக் கரைத்ததற்கு இதுதான் ஆசீர்வாதம்!

நான் போன மாதக் கூட்டத்தை விட்டு வந்தவுடன், ஆத்திரத்தோடு அவருக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். ‘உம்முடைய பெஞ்சைத் திருடி, நோட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். சும்மா விடக்கூடாது’ என்று எழுதினேன். விலாசத்துக்கு ‘பெஞ்சு கம்பவுண்டர், சங்கரன்கோவில்’ என்று மட்டும் போட்டேன். வேறு என்ன போட முடியும்? கடிதம் பத்து நாளில் திரும்பி வந்தது. உறையின் மேல் தபால்காரர் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘இவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. பெஞ்சு இருக்கிறது.’

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு வார்த்தை சொல்லாமல் போவதா? என்னிடம் கேட்காமல் போவதா? நான் என்ன, ஊர் பேர் தெரியாதவனா?

நேற்று மத்தியானம் நோயாளிகள் எல்லோரும் போனபிறகு, வழக்கம்போல என் நாற்காலியை விட்டு எழுந்து நோயாளி உட்காருகிற முக்காலியில் போய் உட்கார்ந்தேன். முப்பது வருஷமாக இப்படித்தான் செய்கிறேன். என்னிடம் வேலை பார்க்கிற நர்ஸ் எனக்குக் கிறுக்கு என்று ஊர் பூராவும் சொல்லி வைத்திருக்கிறாள். நேற்று நான் எடுத்துக்கொண்ட ஆள் பெஞ்சு கம்பவுண்டர்தான்.

பேர் என்ன? தெரியாது. மூன்று மாதம் கூட இருந்தும் ஒருநாளும் கேட்டதில்லை.

ஊர் எது? சங்கரன்கோவில்தானா, வேறு ஊரிலிருந்து வந்தவரா? தெரியாது.

என்ன செய்தது? எந்த நோயில் போனார், பக்கத்தில் யார் இருந்தார்கள், யாராவது அவர் முகத்தைப் பார்த்து மருந்து கொடுத்தார்களா? தெரியாது.

மூன்று ஆகிவிட்டது. சட்டம் சட்டம்தான். இன்று காலை என் ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளுக்கு நடுவில், கையில் ஒரு காலி பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த அம்மாள், “உங்களுக்கு என்னய்யா செய்யுது?” என்று கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்றேன்.